காற்றும் உணவும்: தாகூரின் கல்விச் சிந்தனை இன்று

ரவீந்திரநாத் தாகூரின் கல்விச் சிந்தனைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. மரத்தடியில் பாடம், பாட்டு, நாடகம், இயற்கையோடு இயைந்த வாழ்க்கை என்பவையெல்லாம் கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றன. ஆனால் நுழைவுத் தேர்வும் போட்டியும் வேலை தேடலுமாக மாறிவிட்ட இன்றைய கல்விக்கு ஒரு கவிஞரின் கனவால் என்ன பயன் என்பதே அந்தக் கேள்வி. கேட்பவர்கள் ஏளனத்தோடு கேட்பதில்லை. பெரும்பாலும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு உள்ளூரக் கவலைப்படும் பெற்றோர்களே கேட்கிறார்கள். ஆகவே விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். மரத்தடி என்பது தாகூரின் கல்விக் கொள்கை அன்று. அந்தக் கொள்கை எடுத்துக்கொண்ட உருவங்களுள் ஒன்று, அவ்வளவுதான். அவரை வாழ்நாள் முழுவதும் வருத்திய கேள்வி வேறு. ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப்படுவது எப்போது அந்தப் பிள்ளையின் சொந்த உடைமையாகிறது? பன்னிரண்டு ஆண்டுகள் படித்த பிறகும் படிப்பு ஒரு பக்கமும் வாழ்க்கை ஒரு பக்கமுமாக நிற்பது ஏன்? இந்தக் கேள்வியை அவர் நூல்களிலிருந்து எடுக்கவில்லை. தம் சொந்தப் பள்ளிப் பருவத்திலிருந்து எடுத்தார்.

1861ஆம் ஆண்டு கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்த ரவீந்திரருக்குச் சிறு வயதில் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று பெரும் ஆசை இருந்தது. மூத்தவர்கள் வண்டியேறிப் போவதைப் பார்த்து, தானும் போக வேண்டும் என்று அழுதார். வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அவரை அறைந்து, 'இப்போது போவதற்கு அழுகிறாய். பின்னால் போகாமல் இருப்பதற்கு இதைவிட அதிகமாக அழுவாய்' என்றார். இவ்வளவு துல்லியமாகப் பலித்த வாக்கை வாழ்க்கையில் வேறெங்கும் கேட்டதில்லை என்று, 1912இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பான 'ஜீவன்ஸ்மிருதி'யில் தாகூர் எழுதுகிறார். முதலில் சேர்ந்த பள்ளியில் பாடம் ஒப்பிக்கத் தெரியாத பிள்ளையைப் பலகையின் மேல் நிற்கவைத்து, நீட்டிய இரு உள்ளங்கைகளிலும் சிலேட்டுகளை அடுக்குவார்கள். அங்கே என்ன கற்றார் என்பது அவருக்கு நினைவில்லை. இந்தத் தண்டனை மட்டும் நினைவிருக்கிறது.

அந்த நூலில் வரும் இன்னொரு காட்சியைக் கல்வித் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். வீட்டுத் தாழ்வாரத்தின் ஒரு மூலையில் சிறுவன் ரவி ஒரு வகுப்பு நடத்துகிறான். மாணவர்கள் யார் என்றால் தாழ்வாரத்தின் மரக் கம்பிகள். கையில் பிரம்போடு அவற்றின் எதிரே நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். எந்தக் கம்பி நல்ல பிள்ளை, எந்தக் கம்பி மோசமான பிள்ளை என்பது அவனுக்குத் தெரியும். மோசமான கம்பிகள் அடி வாங்கி வாங்கித் தேய்ந்துபோயின. அவை தேயத் தேய அவனுடைய கோபமும் ஏறியது. ஆசிரியர்கள் கற்பித்த பாடங்களைவிட அவர்களுடைய பொறுமையின்மையையும் பாரபட்சத்தையும் கடுமையையும் எவ்வளவு எளிதாகக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று பின்னாளில் நினைத்துப் பார்க்கிறார் தாகூர். கல்வியின் உள்ளடக்கத்தைக் காட்டிலும் கல்வி நடக்கும் முறையே பிள்ளைக்குள் ஆழமாக இறங்குகிறது என்ற அவருடைய பிற்காலக் கொள்கை முழுவதும் அந்தத் தாழ்வாரத்திலேயே தொடங்கிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த பள்ளியில் வகுப்புத் தொடங்கும் முன் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக அமரவைத்து ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாடச் செய்வார்கள். சொற்களும் புரியாது, மெட்டும் அந்நியம். பிள்ளைகள் வாயில் அது 'கலோகி புலோகி சிங்கில் மேலாலிங் மேலாலிங் மேலாலிங்' என்று உருமாறிவிட்டது. நெடுநாள் யோசித்து, அந்தக் கடைசிப் பகுதி 'மகிழ்ச்சி பொங்கப் பாடுகிறோம்' என்ற பொருளுடைய சொற்களின் சிதைவாக இருக்க வேண்டும் என்று பெரியவரான பிறகு ஊகித்தார். முதற்சொல் என்னவாக இருந்தது என்பதை அவரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. தாம் மகிழ்ச்சியாகப் பாடுவதாகப் பாடிக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாமல் பிள்ளைகள் பாடினார்கள்.

பதினான்கு வயதுக்குள் ஏறத்தாழ முறையான பள்ளிப் படிப்பு முடிந்துபோயிற்று. ஆனால் அதற்கு முன்பே, 1873இல், வேறொரு பள்ளி சில மாதங்கள் அவருக்குக் கிடைத்தது. தந்தை தேவேந்திரநாதர் அவரைப் போல்பூருக்கும் அமிர்தசரசுக்கும் பிறகு இமயமலையின் டல்ஹௌசிக்கும் அழைத்துச் சென்றார். பன்னிரண்டு வயது நிரம்பாத பையனிடம் விலையுயர்ந்த தம் தங்கக் கடிகாரத்தைக் கொடுத்து நாள்தோறும் சாவி கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். பையன் காட்டிய அளவுகடந்த அக்கறையில் கடிகாரம் பழுதாகிக் கல்கத்தாவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மலையில் பையன் தனியாகச் சிகரம் சிகரமாக அலைந்தபோதும் தந்தை தடுக்கவில்லை. தவறிழைத்துவிடுவானோ என்று அஞ்சிக் கட்டிப்போடாமல், தவறிழைத்துத் திருந்தும் உரிமையைத் தந்தை தமக்குக் கொடுத்ததாகத் தாகூர் கருதினார். காலையில் சமஸ்கிருதம், பிறகு ஆங்கிலம், இரவில் விண்மீன்களைக் காட்டி வானியல் என்று பாடங்களும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். விடுதலை என்பது பாடம் இல்லாமை அன்று.

1892இல், முப்பத்தொன்றாம் வயதில், ராஜ்ஷாஹியில் ஒரு கட்டுரை படித்தார். 'சிக்ஷார் ஹேர்ஃபேர்' என்பது அதன் பெயர். கல்வியின் பொருந்தாமை என்று தமிழில் சொல்லலாம். தாகூரின் கல்விச் சிந்தனையில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். அதில் ஓர் எளிய உவமை வருகிறது. காற்றைத் தின்றால் வயிறு நிறையாது, உணவைத் தின்றால்தான் நிறையும். ஆனால் உண்ட உணவு செரிக்கக் காற்று வேண்டும். அதுபோல, தேர்வுக்கான ஒரு பாடநூல் செரிக்க வேண்டுமானால் அதைச் சுற்றிப் பல நூல்களை விரும்பியபடி படிக்கும் இடம் பிள்ளைக்கு வேண்டும். தேவையானதை மட்டும் அளந்து கொடுத்தால் அந்தத் தேவைகூட நிறைவேறாது. நம்முடைய பிள்ளைகளுக்கு நாம் காற்றே இல்லாமல் உணவை ஊட்டுகிறோம் என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு.

அதே கட்டுரையில் மொழியைப் பற்றிய வாதமும் வருகிறது. ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் வைக்கோல் உலர்த்துவதைப் பற்றி ஒரு கதை இருக்கும், இரண்டு பிள்ளைகள் பனியுருண்டை எறிந்து சண்டையிடுவதைப் பற்றி ஒரு கதை இருக்கும். ஆங்கிலேயப் பிள்ளைக்கு அவை தன் வீட்டு முற்றத்தில் நடப்பவை. வங்காளப் பிள்ளையின் மனத்திலோ அந்தச் சொற்கள் எந்தப் படத்தையும் எழுப்புவதில்லை. இருட்டில் தடவிக்கொண்டு போவதுபோல் படித்துக்கொண்டு போகிறது. கற்பிப்பவருக்கும் அந்த மொழி அரைகுறையாகத்தான் தெரியும். இப்படி இருபது ஆண்டுகள் படித்த பிறகு, எண்ணம் இருக்கும்போது மொழி இருப்பதில்லை, மொழி கைவரும்போது எண்ணம் இருப்பதில்லை. கட்டுரையின் முடிவில் ஓர் ஏழையின் கதையைச் சொல்கிறார். குளிர்காலத்தில் போர்வைக்காகப் பிச்சையெடுத்துக் காசு சேர்ப்பான். சேர்ந்து முடிப்பதற்குள் கோடை வந்துவிடும். கோடைக்கான மெல்லிய துணிக்குக் காசு சேர்ப்பதற்குள் குளிர் திரும்பிவிடும். இறைவன் தோன்றி வரம் கேட்கச் சொன்னபோது அவன் வேறொன்றும் கேட்கவில்லை. என் வாழ்க்கையின் இந்தப் பொருந்தாமையை மட்டும் நீக்கிவிடு என்றான்.

நம் மண்ணிலும் இதே வேதனையைப் பாரதி தம் சுயசரிதையில் கொட்டியிருக்கிறார். ஆங்கிலப் படிப்பினால் தந்தைக்கு ஆயிரம் செலவும் தமக்குப் பல்லாயிரம் தீதும்தான் விளைந்தன, எள்ளளவும் நலமில்லை, இதை நாற்பதாயிரம் கோயிலில் சொல்வேன் என்று அவர் பாடியதை நம்மில் பலர் அறிவோம். ஒரே காலத்தில் இரு கவிஞர்கள், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாமல், ஒரே இடத்தில் வலி என்று கை வைத்திருக்கிறார்கள்.

தாய்மொழிக் கல்வி என்றவுடன் ஆங்கிலத்துக்கு எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. தாகூர் அப்படிப்பட்டவர் அல்லர். தம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவரே ஆங்கிலம் கற்பித்தார். பேச்சின் வழியாக மொழியைப் பழக்கும் ஆங்கிலப் பாட நூல்களையும் அவரே எழுதினார். அவர் மறுத்தது, சிந்திப்பதற்கான மொழியாகப் பிள்ளை அறியாத ஒரு மொழியை வைப்பதைத்தான். கொள்கை பேசியதோடு நிற்காமல் அதற்கான உழைப்பையும் கொடுத்தார். 1930இல் எழுத்தறிவிக்கும் 'சகஜ் பாட்' நூல்களை எழுதினார். நந்தலால் போஸ் அவற்றுக்குப் படம் வரைந்தார். 1937இல், எழுபத்தாறு வயதை நெருங்கும்போது, கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் முதன்முறையாக வங்காளத்தில் உரையாற்றினார். அதே ஆண்டில் அணுவிலிருந்து அண்டம்வரை எளிய வங்காளத்தில் விளக்கும் 'விஸ்வ பரிச்சய்' என்ற அறிவியல் நூலை எழுதி இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போசுக்குக் காணிக்கையாக்கினார். தாய்மொழியில் அறிவியல் சொல்ல முடியுமா என்று விவாதித்துக்கொண்டிருப்பதைவிட, உட்கார்ந்து ஒரு நூல் எழுதிவிடுவது மேல் என்று அந்த முதியவருக்குத் தோன்றியிருக்கிறது.

இன்றைய நிலைமைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்புவரையாவது வீட்டுமொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையின் மற்றப் பகுதிகளில் எனக்கு மாறுபாடுகள் உண்டு என்றாலும், இந்த ஒரு வரி 1892இன் கட்டுரையிலேயே இருக்கிறது. ஆனால் தாளில் இருப்பதற்கும் தெருவில் நடப்பதற்கும் உள்ள தொலைவைப் பாருங்கள். மழலையர் வகுப்பில் பொருள் புரியாமல் ஆங்கிலப் பாட்டைக் கைதட்டிப் பாடும் மூன்று வயதுக் குழந்தையைக் கண்டு வீடே பூரிக்கிறது. கலோகி புலோகி இன்னும் ஓயவில்லை. பெற்றோரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை; வேலையும் மதிப்பும் ஆங்கிலத்தோடு கட்டப்பட்டிருக்கும்வரை அவர்கள் வேறென்ன செய்வார்கள்? தாகூர் சொல்லும் வழி நடுவழி. பிள்ளை தன் மொழியில் நன்றாக எண்ணப் பழகிய பிறகு வேறு மொழியைக் கொடுங்கள். அப்போது அது இரவல் உடையாக இராது.

1906இல் எழுதிய 'சிக்ஷா சமஸ்யா' என்ற கட்டுரையில் பள்ளியை ஓர் இயந்திரம் என்று வருணிக்கிறார். பத்தரை மணிக்கு மணியடித்துத் தொழிற்சாலை திறக்கிறது. இயந்திரம் ஓடத் தொடங்குகிறது. ஆசிரியரின் வாயும் ஓடுகிறது. நான்கு மணிக்குத் தொழிற்சாலை மூடப்படும்போது ஆசிரியர் என்ற இயந்திரமும் வாயை மூடிக்கொள்கிறது. பிள்ளைகள் இயந்திரம் வெட்டிக் கொடுத்த இரண்டு மூன்று தகடு அறிவை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். பிறகு தேர்வுக் காலத்தில் அந்தத் தகடுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறார்கள். இன்று இதை எழுதுபவர் நான்கு மணி என்ற சொல்லை மாற்ற வேண்டியிருக்கும். பள்ளி முடிந்ததும் பயிற்சி வகுப்பு, அது முடிந்ததும் கைப்பேசியில் காணொளிப் பாடம் என்று தொழிற்சாலை இரவு பத்து மணி வரை ஓடுகிறது. ராஜஸ்தானத்தின் கோட்டா நகரம் முழுவதுமே நுழைவுத் தேர்வுப் பயிற்சியை நம்பி வாழ்கிறது. அங்கே பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்ளும் செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். படித்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கான சேர்க்கைக் கட்டணத்தையும் கட்டுகிறோம். 1918இல் தாகூர் எழுதிய கிளிக் கதையில், பாடத் தெரிந்த கிளிக்குச் சாத்திரம் தெரியவில்லை என்று அரசன் பொற்கூண்டும் பண்டிதர்களும் ஏற்பாடு செய்கிறான். கூண்டு செய்தவன் பணக்காரனாகிறான், ஏடு படியெடுத்தவன் பணக்காரனாகிறான், மேற்பார்வையாளர்கள் பணக்காரர்களாகிறார்கள். கிளியின் வாயில் ஏடுகளைத் திணித்துத் திணித்து, ஒருநாள் அது இறந்துபோகிறது. அரசன் அதை அழுத்திப் பார்க்கும்போது உள்ளே காய்ந்த ஏடுகள் சரசரக்கின்றன.

தாம் எதிர்ப்பதற்கு மாற்றாக ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும் என்ற துணிவு அவருக்கு இருந்தது. 1901 டிசம்பர் 22 அன்று, தந்தை போல்பூருக்கு அருகே வாங்கி வைத்திருந்த சாந்திநிகேதன் நிலத்தில், ஐந்தே ஐந்து மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. மாணவர்களுள் ஒருவர் அவருடைய மகன் ரதீந்திரநாத். பள்ளியை நடத்த மனைவி மிருணாளினி தம் நகைகளைக் கொடுத்தார். தாகூர் பூரியில் இருந்த வீட்டை விற்றார். ஓராண்டுக்குள் மிருணாளினி இறந்தும் போனார். கவிஞரின் பொழுதுபோக்கு என்று இந்தப் பள்ளியைக் கருதுபவர்கள், அதற்குப் பின்னால் இருந்த இழப்பின் கணக்கைப் பார்ப்பதில்லை.

அந்தப் பள்ளியில் விடுதலை எப்படிப்பட்டதாக இருந்தது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். ஒழுங்குக்குப் பெயர்போன ஒரு தலைமையாசிரியர் அங்கே வந்தார். ஒரு பையன் மரத்தில் ஏறி, கிளை பிரியும் இடத்தில் வசதியாக அமர்ந்து படித்துக்கொண்டிருந்தான். வந்தவருக்கு வியப்பும் எரிச்சலும். வரவேற்பறை நாற்காலிக்கும் மரக்கிளைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை நாகரிக மனிதனுக்குச் சிறுவயதில் மட்டும்தான் இருக்கிறது, எனக்கு அது போய்விட்டது என்பதற்காக இவனிடமிருந்தும் பறிக்கலாமா என்று தாகூர் கேட்டார். இதே தலைமையாசிரியர் பிள்ளைகள் தாவரவியல் படிப்பதை மட்டும் மிகவும் பாராட்டினாராம். மரத்தைப் பற்றிய அறிவு நல்லது, மரத்தோடு பழகுவது மட்டும் ஆகாது. பூகோளம் கற்பிப்பதற்காகப் பிள்ளையிடமிருந்து பூமியைப் பறிக்கிறோம், இலக்கணம் கற்பிப்பதற்காக மொழியைப் பறிக்கிறோம் என்று அமெரிக்காவில் ஆற்றிய உரையில் அவர் சொன்னதன் பொருள் இதுதான்.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் நானும் இதை நேரில் கண்டிருக்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி மகரந்தச் சேர்க்கைக்கு விளக்கம் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. சன்னலுக்கு வெளியே புங்க மரம் பூத்து நின்றது. தேனீக்களின் ரீங்காரம் வகுப்புக்குள் கேட்டது. அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டேன். மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அது பாடத்துல இல்லையே சார்" என்றாள். தவறு அவளுடையதன்று. அதுவரை அந்தச் சன்னலை நான் ஒருமுறையும் பாடத்துக்குப் பயன்படுத்தியிருக்கவில்லை. அன்று மீதி நேரத்தை மரத்தடியில் கழித்தோம். விழுந்து கிடந்த பூக்களைப் பிரித்துப் பார்க்கும்போது அவள் கேட்ட கேள்விகளுள் இரண்டுக்கு என்னிடம் விடை இல்லை. புதிய கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலத்தில் பத்து நாள் புத்தகப் பை இல்லாத நாளாக இருக்கட்டும் என்கிறது. நல்லதுதான், ஆனால் தாகூர் கேட்டது பத்து நாள் விடுப்பை அன்று, மற்ற நாள்களின் பாடத்தையே அந்தச் சன்னலின் பக்கம் திருப்புவதை.

சாந்திநிகேதனில் ஒழுங்கு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. விடியும் முன்பே எழ வேண்டும், இடத்தைத் தாங்களே துப்புரவாக வைத்துக்கொள்ள வேண்டும், காலையும் மாலையும் கால் மணி நேரம் அசையாமல் தனித்தமர வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் பிள்ளைகள் பரம்பொருளை நினைக்காமல் மரத்தில் ஓடும் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, அமைதியாக இருக்கப் பழகினால் போதும் என்பது தாகூரின் நிலை. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். நொடிக்கொரு திரை மாறும் கைப்பேசியோடு வளரும் இன்றைய பிள்ளைக்கு, ஓர் அணிலைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பதைக் காட்டிலும் அரிய பயிற்சி வேறு என்ன இருக்க முடியும்? 1914இன் இறுதியில் காந்தியின் தென்னாப்பிரிக்கப் பள்ளி மாணவர்கள் அங்கே வந்து தங்கினார்கள். காந்தியின் தூண்டுதலால் 1915 மார்ச் 10 முதல் சமையலையும் துப்புரவையும் மாணவர்களும் ஆசிரியர்களுமே சில காலம் ஏற்றார்கள். அந்த நாளின் நினைவு இன்றும் அங்கே போற்றப்படுகிறது.

இசையும் ஓவியமும் நாடகமும் அங்கே பாடத்துக்கு வெளியே வைக்கப்படவில்லை. 1919இல் கலாபவன் என்ற கலைப் பள்ளி தொடங்கியது. நந்தலால் போஸ், பினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் போன்றவர்கள் அங்கிருந்து உருவாக்கியது நவீன இந்திய ஓவியத்தின் பெரும்பகுதி. 1921இல் உலகமே ஒரு கூட்டில் ஒன்றுசேரும் இடம் என்ற பொருளுடைய வேத வாக்கியத்தைக் குறிக்கோளாகக் கொண்டு விசுவபாரதி என்ற உயர்கல்வி நிலையம் முறையாகத் தொடங்கப்பட்டது. இவையெல்லாம் பலரும் அறிந்தவை என்பதால் நான் இங்கே நீட்டவில்லை.

குறைவாகப் பேசப்படுவது ஸ்ரீநிகேதன் என்ற கிராமப் புனரமைப்பு நிலையம். 1922 பிப்ரவரியில், சாந்திநிகேதனுக்கு அருகே சுருல் கிராமத்தில், ஆங்கிலேய வேளாண் அறிஞர் லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட்டின் பொறுப்பில் அது தொடங்கியது. மலேரியா ஒழிப்பு, கூட்டுறவுச் சங்கம், நெசவு, தோல் வேலை என்று சுற்றுப்புறக் கிராமங்களின் உண்மையான துன்பங்களோடு அது தன்னைப் பிணைத்துக்கொண்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தாகூருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 1924இல் ஏழைக் கிராமப் பிள்ளைகளுக்காகச் சிக்ஷா சத்திரம் என்ற பள்ளியையும் ஏற்படுத்தினார். தோட்ட வேலையும் கைத்தொழிலும் அங்கே படிப்போடு கலந்திருந்தன. இருந்தாலும் 1937இல் காந்தி வார்தாவில் கைத்தொழிலை நடுவில் வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தபோது தாகூர் தயங்கினார். ஏழைப் பிள்ளைக்குப் பயன்தரும் வேலையும் வசதியுள்ள பிள்ளைக்கு மன வளர்ச்சியும் என்று கல்வி பிரிந்துவிடுமோ என்பது அவருடைய அச்சம். தொழிற்கல்வி, திறன் மேம்பாடு என்ற பெயர்களில் யாருடைய பிள்ளைகள் எங்கே அனுப்பப்படுகிறார்கள் என்பதை இன்று பார்க்கும்போது அந்த அச்சம் வீண் என்று சொல்ல முடியவில்லை.

அவர் தோற்ற இடங்களையும் சொல்ல வேண்டும். தொடக்க ஆண்டுகளில், பிராமண மாணவர்கள் பிராமணரல்லாத ஆசிரியரின் காலைத் தொட்டு வணங்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது தாகூர் அன்றைய வழக்கத்துக்கே இணங்கிப் போனார். பின்னாளில் அவர் அந்த நிலையை முற்றாகக் கடந்து வந்தார் என்றாலும், நடந்தது நடந்ததுதான். தேர்விலிருந்தும் அவரால் தப்ப முடியவில்லை. பெற்றோர்கள் கேட்டார்கள்; கல்கத்தாப் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய வேண்டியிருந்தது. 1937இல் எல்ம்ஹர்ஸ்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், சாந்திநிகேதனின் பள்ளியும் கல்லூரியும் நாட்டின் மற்றப் பள்ளி கல்லூரிகளைப் போலவே நாளுக்கு நாள் ஆகிவருகின்றன, அவை கடன் வாங்கிய கூண்டுகள், அவற்றைவிட அந்தச் சிக்ஷா சத்திரத்தின் மீதே எனக்கு நம்பிக்கை அதிகம் என்று எழுதினார். கிளிக் கதை எழுதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, தம் சொந்தப் பள்ளியைக் கூண்டு என்று அழைக்கும் நேர்மை அவரிடம் இருந்தது. சிக்ஷா சத்திரத்தின் பிள்ளைகளிடம் யாரும் பட்டத்தை எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் அங்கே கல்வி நடக்க முடிந்தது. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது, ஏனென்றால் இன்று அப்படி எதிர்பார்ப்பே இல்லாத வீடு எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்று ஏழை வீட்டைப் பார்த்துச் சொல்லும் உரிமையும் நமக்கில்லை.

ஆகவே அவருடைய பள்ளியை அப்படியே நகலெடுப்பது வழியன்று. எடுத்துக்கொள்ளக் கூடியவை எவை என்று கேட்டால், பிள்ளையை அடிக்கக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவாக ஏற்கெனவே வந்துவிட்டது. அதை வகுப்பறைக்குள் கொண்டுவருவதுதான் மிச்சம். தாய்மொழியைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். மனப்பாடத்தைப் பொறுத்தவரை காலமே அவர் பக்கம் வந்திருக்கிறது: கேட்ட நொடியில் இயந்திரம் விடையெழுதித் தரும்போது, ஒப்பிப்பதில் இயந்திரத்தோடு போட்டியிடப் பிள்ளைகளைப் பழக்குவதில் பொருளில்லை. கண்ணால் பார்த்துக் கேள்வி கேட்கவும், கையால் ஒன்றைச் செய்யவும், பிறர் துன்பத்தை உணரவும் பழக்கும் கல்விக்கு இப்போதாவது இடம் கிடைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது ஆசிரியர். தன் சுடர் எரிந்துகொண்டிருந்தால்தான் ஒரு விளக்கு இன்னொரு விளக்கை ஏற்ற முடியும், தான் கற்பதை நிறுத்திவிட்ட ஆசிரியரால் கற்பிக்க முடியாது என்று தாகூர் சொன்னார். அப்படி அவர் கண்ட ஆசிரியர் சதீஷ் சந்திர ராய் என்ற இளைஞர். இளங்கலைத் தேர்வை விட்டுவிட்டு சாந்திநிகேதனுக்கு வந்தவர். தாமே ஒரு கவிஞர். தமக்கு எந்தக் கவிதை பிடித்ததோ அதைச் சிறு பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டுவார். அவர்களுக்குப் புரியுமா என்று ஐயப்பட்டதே இல்லை. சொல்லுக்குச் சொல் புரிவது முக்கியமன்று, மனம் விழித்துக்கொண்டால் போதும் என்று அவர் அறிந்திருந்ததாகவும், பாடப் புத்தகத்தைச் சுமந்து வரும் வண்டியாக இராமல் தாமே ஊற்றாக இருந்ததாகவும் தாகூர் எழுதுகிறார். 1904இல், இருபத்திரண்டு வயதளவில், பெரியம்மை கண்டு அவர் இறந்தார்.

பட்டம் பெறாத அந்த இளைஞருக்கு இன்றைய விதிகளின்படி எந்தப் பள்ளியிலும் ஆசிரியர் வேலை கிடைக்காது. விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் நாட்டில் தகுதித் தேர்வு இருக்கத்தான் வேண்டும். ஆனால் தகுதித் தேர்வில் தேறி வருபவர்களுள் சதீஷ் சந்திர ராய் யார் என்று கண்டுகொள்ளவும், கண்ட பிறகு பதிவேடுகளாலும் தேர்ச்சி விழுக்காட்டாலும் அவருடைய சுடரை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை. தாகூரைப் படிக்கும் கல்வி அதிகாரி ஒருவர் எங்காவது இருந்தால், அவர் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.